உஷார்! அந்த மெயில் லிஸ்ட்டை வாங்கிடாதீங்க!

கம்பத்தில் பன்னீர் திராட்சை ஜூஸ் போடுறவங்களா? போடியில் ஏலக்காய் பாக்கெட் போடுறவங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. "இருபதாயிரம் மெயில் ஐடி, மூவாயிரம் ரூபாய்தான்" என்று வாட்ஸ்அப்பில் எவராவது வந்தால், வாங்கவே வாங்காதீங்க!

போடியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வாங்கினார். ஏலக்காயை எட்டு எம்எம் காயாகப் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிற சின்ன வியாபாரம். தீபாவளிக்கு முன்னால், கடை பெயரில் இருந்த மெயிலிலிருந்து ஒரே ராத்திரியில் அத்தனை பேருக்கும் ஆஃபர் அனுப்பினார். விடிந்து பார்த்தால், திரும்பி வந்த மெயில்களாகவே குவிந்து கிடந்தன. ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாலு வருஷமாக வாங்குகிற ஜெய்ப்பூர் மிட்டாய்க்கடைக்கு அவர் அனுப்பிய ரேட் மெயிலும் ஸ்பேமில் விழுந்தது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு ஏலத்துக்கும் விலை மாறுகிற சரக்கு இது. எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள். கடையில் கட்டி வைத்த மூட்டைகளைக் காட்டியபோது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விலைக்கு வரும் லிஸ்ட்டில் செத்துப்போன முகவரிகள் கிடக்கும். ஸ்பேம் அனுப்புகிறவரைப் பிடிக்கவே வைத்த பொறிகளும் இருக்கும்! 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கிவிட்டார்கள். ஆயிரம் பேரில் மூன்று பேர் 'ஸ்பேம்' என்று தட்டினாலே உங்கள் மெயிலுக்கு ஆபத்து.

மெயில்கள் கொத்தாகத் திரும்பி வருதா? உடனே பதில் போடுகிற வாடிக்கையாளரிடமிருந்து திடீரென்று சத்தமே இல்லையா? "உங்க மெயில் ஸ்பேம்ல கிடந்துச்சுங்க" என்று ஒருத்தர் சொன்னாரா? அந்த ஒரு வார்த்தை போதும், அனுப்புவதை நிறுத்துங்க. பழைய வாடிக்கையாளருக்குப் போன் போட்டுப் பேசுங்க.

புது முகவரிகளை நீங்களே சேருங்க. சின்னமனூரில் கடை வைத்திருந்தால், மேகமலை போகிறவர்கள் வருகிறார்கள் இல்லையா? கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்க. "மெயில் அனுப்பலாமா?" என்று கேட்டு, அவர்களையே எழுதச் சொல்லுங்க. அப்படிச் சேரும் நாற்பது பேர் போதும். வேண்டாம் என்கிறவர் ஒரே தட்டலில் விலக வழி வையுங்க.

இன்றைக்கே கடை மெயிலிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' தட்டுங்க. மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' இருக்கணும். ஒன்று இல்லாவிட்டாலும், டொமைன் வாங்கிக் கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சரி செய்யச் சொல்லுங்க. அதுவரை ஒரு ஆஃபர் மெயிலும் அனுப்பாதீங்க!