துவாரகா பேருந்துக்கு ஒரு துபாஷி

தில்லி துவாரகாவில் செக்டர் எண்தான் முகவரி. செக்டர் 21 மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர், அடுத்து ஏற வேண்டிய பேருந்து எங்கே நிற்கும் என்று கைப்பேசிச் செயலியைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். அந்தப் பதில் கைப்பேசிக்குள் இல்லை. எங்கோ ஒரு சர்வரிலிருந்து வருகிறது. 2018-இல் தில்லி அரசு ஐஐஐடி தில்லி என்ற கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து நகரப் பேருந்துகளின் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. நிறுத்தங்களும் தடங்களும் நேரங்களும் ஒரு தொகுப்பு. ஓடும் பேருந்து இப்போது எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று.

இதை வைத்துச் செயலி எழுத உட்காரும் ஜாவா நிரலர் முதல் நாளே திணறுவார். அவருக்குப் பழகியது தரவுத்தளம்: அட்டவணை, வரி, பத்தி, எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் ஒரு கேள்வி, உடனே பதில். இப்படி எங்கோ உள்ள சர்வரிலிருந்து இணையம் வழியே பதில் தரும் கிளவுட் சேவைகள் அந்த மொழி பேசுவதில்லை. ஒன்று ஜேசான் என்ற வடிவில் பதில் தரும், இன்னொன்று எக்ஸ்எம்எல் என்ற வடிவில். ஒன்றுக்குச் சாவி எண் போதும். இன்னொன்று, சில மணி நேரத்தில் காலாவதியாகும் அனுமதிச் சீட்டைக் கேட்கும். ஐந்து சேவைகள் என்றால் ஐந்து விதமான நிரல்.

மொழி புரியாத இடத்தில் தேவைப்படுபவர் துபாஷி என்ற இடையாள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. மொழிபெயர்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். யாரை எப்படி அணுக வேண்டும் என்ற நடைமுறையும் துபாஷிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினியில் இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ஜாவா 1.1-இல் ஜேடிபிசி என்ற விதித்தொகுப்பு சேர்ந்தது. இணைப்பை எப்படித் திறப்பது, கேள்வியை எப்படி அனுப்புவது, விடையை வரி வரியாக எப்படிப் படிப்பது என்பதை அது வரையறுத்தது. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் வந்தது. தரவுத்தளம் மாறினாலும் நிரல் பெரும்பாலும் அப்படியே இருந்தது. கேட்கும் முறையையும் விடையின் வடிவத்தையும் வகுத்ததோடு விதி நின்றுகொண்டது. மறுமுனையில் இருப்பது தரவுத்தளமா, கோப்பா, இணையச் சேவையா என்பது டிரைவரின் பாடு. கிளவுட் டிரைவர்கள் பிறந்தது இந்தச் சுதந்திரத்தில்தான்.

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். சிடேட்டா, புரோகிரஸ் போன்ற நிறுவனங்கள் அதற்கு ஜேடிபிசி டிரைவர் விற்கின்றன. நிரல் எஸ்க்யூஎல்லில் கேட்கிறது. டிரைவர் அதைப் பிரித்துப் பார்த்து, சேவைக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றி, அனுமதிச் சீட்டை இணைத்து அனுப்புகிறது. பதில் ஒரே மூட்டையாக வராது. வழக்கமாகத் தவணைக்கு 2,000 பதிவுகள் வரை வரும். தவணைகளை ஒவ்வொன்றாக வாங்கி, வரிகளாக அடுக்கிக் கொடுப்பதும் டிரைவரே.

தில்லிப் பேருந்துத் தரவில் இதையே கைச்செலவில்லாமல் செய்து பார்க்கலாம். நிறுத்தங்களும் தடங்களும் ஜிடிஎஃப்எஸ் என்ற உலகப் பொது வடிவில் உள்ளன. பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைக்கோப்புகள். சிஎஸ்வி ஜேடிபிசி என்ற இலவச டிரைவரிடம் அவை உள்ள கோப்புறையைக் காட்டி, கோப்புப் பெயர்கள் டிஎக்ஸ்டி என்று முடியும் எனச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு கோப்பும் ஓர் அட்டவணை ஆகிவிடும். பெயரில் துவாரகா என்று வரும் நிறுத்தங்களை மட்டும் கொடு என்று ஒரே வரியில் கேட்கலாம்.

ஓடும் பேருந்தின் இருப்பிடம் அவ்வளவு சுலபமில்லை. அது புரோட்டோகால் பஃபர் என்ற இருமக் குறியீட்டில் வருகிறது. உரைக்கோப்பு டிரைவரால் அதைப் படிக்க முடியாது. அபாச்சி கால்சைட் என்ற திறமூலச் சட்டகத்தின் மேல் நிரலரே ஒரு சிறு இணைப்பி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

டிரைவர் தொலைவை மறைக்கும், ஒழிக்காது. பலரும் சறுக்குவது இங்கேதான். கேள்வியில் உள்ள நிபந்தனையைச் சேவையின் மொழியில் சொல்ல முடிந்தால் டிரைவர் அதை அங்கேயே அனுப்பிவிடும். வடிகட்டிய வரிகள் மட்டும் வரும். சொல்ல முடியாவிட்டால் எல்லாவற்றையும் இழுத்துவந்து இங்கே சலிக்கும். 2 லட்சம் பதிவுகளில் பத்தைத் தேட, 2,000 வீதம் 100 முறை போய்வர நேரும். நாளொன்றுக்கு இத்தனை அழைப்புதான் என்று வரம்பு வைத்திருக்கும் சேவையில், காலையிலேயே கணக்குத் தீர்ந்துவிடும். பார்வைக்கு அட்டவணை என்பதற்காக, தரவுத்தளத்தில் பழகிய எல்லாம் இங்கும் நடக்கும் என்று நம்பக் கூடாது. பாதியில் பிழை வந்தால் செய்ததையெல்லாம் திரும்பப் பெறும் வசதி பல கிளவுட் டிரைவர்களில் இல்லை.

துவாரகா செக்டர் 3-இல் நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிப்பவர்களும் சென்னையிலோ மதுரையிலோ ஜாவா கற்பவர்களும் நிறுத்தங்களின் கோப்பிலிருந்து தொடங்கட்டும். முதல் கேள்வியிலேயே நிபந்தனை எழுதிப் பழகட்டும். எத்தனை வரிகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கட்டும்.