78 டிகிரியில் ஆல்கஹால் மட்டும் ஆவியாகுமா?

ராசிபுரம்னாலே நெய்தான் ஞாபகம் வரும். வெண்ணெய் உருக்கும்போது பக்கத்தில் நின்னு பார்த்திருப்பீங்க. சடசடன்னு சத்தம் வரும். வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் கொதித்து வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கினால் தண்ணீர் போயிடுச்சு, முருங்கை இலையைப் போட்டு இறக்கிடலாம். கொழுப்பு அந்தச் சூட்டில் ஆவியாகாது. மேலே போவது கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான்.

எல்லாக் கலவையும் இப்படித்தான் பிரியும்னு நினைப்பதில்தான் சிக்கல். "எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். 78-ல் வெச்சா எத்தனால் மட்டும் வந்துடும் சார்"னு வைவாவில் சொல்லாதவங்க நம்மில் யாரு? அந்தப் பதில் தப்பு.

ஒரு கலவையில் ஒவ்வொரு திரவமும் தன் பங்குக்கு ஆவி அழுத்தம் கொடுக்கும். எல்லாம் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொடும்போது மொத்தக் கலவையும் கொதிக்கும். ஆக, ஆவியில் இரண்டுமே இருக்கும். சுலபமாக ஆவியாகும் திரவத்தின் பங்கு மட்டும் திரவத்தில் இருந்ததைவிட ஆவியில் கூடுதலாக இருக்கும்.

நம்ம மாவட்டத்து மோகனூரில் சர்க்கரை ஆலையோடு டிஸ்டிலரியும் உண்டு. மொலாசஸைப் புளிக்க வைத்து ஆல்கஹால் வடிக்கும் வேலை. புளித்த கரைசலில் 100 மூலக்கூறில் 2 எத்தனால்னு வைப்போம். அது கொதிப்பது 78-ல் இல்லை, சுமார் 95 டிகிரியில். வரும் ஆவியில் எத்தனால் சுமார் 17. ஆவி எத்தனாலை அள்ளிக்கொண்டு போகப் போக, பாத்திரத்தில் மிச்சமிருப்பது நீர்த்துக்கொண்டே வரும். கொதிநிலையும் 100-ஐ நோக்கி ஏறும்.

அந்த ஆவியைக் குளிர்வித்து மறுபடி கொதிக்க வைத்தால் 17 சுமார் 51 ஆகும். அடுத்த முறை 66, அதற்கடுத்து 73. டிஸ்டிலேஷன் காலத்தில் தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கியிருப்பது இதற்குத்தான். 1925-ல் மெக்கேபும் தீலும் கொடுத்த, நாம செமஸ்டரில் வரையும் அந்தப் படிக்கட்டுப் படமும் இதையே சொல்லுது. படி மேலே போகப்போகக் குறுகுவதைக் கவனிச்சீங்களா? எடையில் சுமார் 95.6% வந்ததும் படியே இல்லை. அங்கே ஆவியும் திரவமும் ஒரே கலவை, அதுதான் அசியோட்ரோப். எவ்வளவு தட்டு வெச்சாலும் சாதாரண வடித்தலில் அதைத் தாண்ட முடியாது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் தண்ணீர் அநேகமாக இருக்கவே கூடாது என்பதால், மிச்சத் தண்ணீரை மூலக்கூறு சல்லடையில் உறிஞ்ச விடுறாங்க.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். "மெத்தனால் 64.7 டிகிரியிலேயே போயிடும், லேசா சூடாக்கினா போதும்", "முதல்ல வடியறதைக் கொட்டிட்டா போதும்"னு இன்னும் பேசறவங்க இருக்காங்க. மேலே பார்த்த அதே விதிதான் இங்கேயும். ஆவியில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் போகும், பாத்திரத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தங்கும். மெத்தனால் மட்டும் தனியாக எழுந்து போகாது. நிறத்திலோ வாசனையிலோ கண்டுபிடிக்கவும் முடியாது.

நெய்யில் தண்ணீர் போனதைச் சத்தம் அடங்கினதும் தெரிஞ்சுக்கலாம். இங்கே அப்படி அடங்குவதற்கு ஒரு சத்தமே கிடையாது. ஊரில் யாராவது அப்படிச் சொன்னால், கெமிக்கல் படிக்கிற நாமதான் எடுத்துச் சொல்லணும்.