மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் சித்தூர், திருப்பதி மருத்துவமனைகளில் ஒரே மாதிரி நோயாளிகள் வருகிறார்கள். பல வருடம் தினமும் குடித்துவிட்டு, ஐயப்பனுக்கு மாலை போட்ட காலையில் சட்டென்று நிறுத்தியவர்கள். மறுநாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அடிப்பார். அங்கே இல்லாதவர்களோடு பேசுவார். "சாமி வந்திருக்கு" என்று வீட்டார் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் கொண்டுவரும்போது வலிப்பும் வந்து முடிந்திருக்கும்.

தை பிறந்ததும் இன்னொரு கூட்டம் வருகிறது. நாற்பத்தெட்டு நாள் சுத்தமாக இருந்து, மாலையைக் கழற்றிய மறுநாளே கடைக்குப் போனவர்கள். "நெனச்சா நிறுத்திடுவேன் சார், மாலை போட்டப்ப நிறுத்தலையா?" என்பார்கள். நிறுத்தினீர்கள், சரி. நிறுத்தியபடியே ஏன் இருக்க முடியவில்லை?

வீட்டு வைத்தியமும் ரகசிய மருந்தும்

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு எலுமிச்சம் சாறும் மோரும் மருந்தல்ல. முறையாக மருத்துவம் படிக்காத ஊர் ஆர்.எம்.பி. போடும் வெறும் குளுக்கோஸ் பாட்டில் இன்னும் மோசம். தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே வற்றிப்போன மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தூக்கம் வரவில்லை என்று ஆல்ப்ரசோலம் வாங்கிப் போட்டு, மேலே ஒரு குவார்ட்டரும் குடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது சாம்பாரில் கலக்கும் மாத்திரையைக் கண்டுதான். "அவருக்குத் தெரியாமல் போட்டால் குடியை வெறுத்துவிடுவார்" என்று யாரோ சொல்ல, மனைவி வாங்கி வருகிறார். அது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயநோயாளி இறந்தும் போகலாம். நல்ல மருந்துதான், சிலருக்கு நாங்களே கொடுக்கிறோம். ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, பரிசோதித்த பிறகு. அம்மா, தயவுசெய்து கேளுங்கள்: அன்பு உள்ள கையால் இந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள்.

குடியை நிறுத்தும் முதல் வாரம் அவர் டாக்டர் கண்காணிப்பில் இருக்கட்டும். ஈரல், ரத்தப் பரிசோதனைகளைச் சொன்னபடி எடுத்துவிடுங்கள்.

கடை மூடினால் போதுமா?

1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். அது ஆந்திர மாநிலம் முழுக்கப் பரவி, 1995-ல் மதுவிலக்கு வந்தது; 1997-ல் தளர்ந்தது. அந்தப் பெண்களை வணங்குகிறேன். ஆனால் இங்கே கடையை மூடினாலும், பஸ் ஏறினால் தமிழ்நாடு. கடை திறப்பதையும் மூடுவதையும் நம்பி ஒரு குடிநோயாளி இருக்க முடியாது.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

மாலை போட்டிருந்தபோது சாமிமார் கூட இருந்தார்கள், தினமும் பஜனை இருந்தது, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் இருந்தது. மாலையோடு அத்தனையும் கழன்றுவிடுகிறது. அந்தத் துணையை வருடம் முழுவதும் தருவதுதான், குடிநோயாளிகளே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீளப் போராடிய ஒரு பங்குத்தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது.

"பேரை எழுதி வைப்பாங்க, பொண்ணுக்கு வரன் பார்க்கும்போது தெரிஞ்சிடும்" என்று பயப்படுகிறார்கள். முழுப்பெயர் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். உண்மையில் உங்களைத் தெருவில் பார்த்த அத்தனை பேருக்கும் குடிப்பது ஏற்கெனவே தெரியும்; நிறுத்துவது தெரிந்தால்தான் மானம் போய்விடுமா? "மதம் மாத்துவாங்க" என்பதும் பொய். கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி நினைக்கலாம் என்பதே அங்கே வழக்கம். ஏழுமலையானைக் கும்பிடுபவர் கும்பிடட்டும், கும்பிடாதவரும் வரட்டும்.

அங்கே யாரும் உபதேசம் செய்வதில்லை. குடித்தவர்களே தங்கள் கதையைச் சொல்வார்கள். முதல் நாள் நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். "இன்று மட்டும் குடிக்கமாட்டேன்" என்பதுதான் கணக்கு. இது வெறும் நம்பிக்கையும் அல்ல: 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட 27 ஆய்வுகளை அலசியது. முறையாக இந்தக் கூட்டங்களில் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க மற்ற சிகிச்சைகளைவிட அதிகம் உதவுவதாகக் கண்டது.

எங்கே கேட்பது?

மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இந்த மனநல எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், எந்நேரமும் கூப்பிடலாம். திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கம்தான், சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அருகில் எந்தக் குழு, எந்தக் கிழமை, எந்த மொழி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்றால் வேறு ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். போக வழியில்லாதவர்களுக்குச் செல்போனிலேயே நடக்கும் கூட்டங்களும் உண்டு.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று நின்றுவிடாதீர்கள். இன்னொரு குழுவைப் பாருங்கள். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள். கூட்டத்துக்குப் போகிறோமே என்று, டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் தன் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். இந்தக் கார்த்திகையில் மாலை போட நினைப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஐப்பசியிலேயே டாக்டரிடம் கூட்டி வாருங்கள். குடியை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று நாங்கள் சொல்கிறோம். அதன் பிறகு மாலை போடட்டும்.