சக்கர் வேறு, சர்க்கரை வேறு!

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர், தமக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்ல நினைத்து, டாக்டரிடம் "சக்கர் ஹை" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் என்ன நினைப்பார்? இந்தியிலும் மராத்தியிலும் "சக்கர்" என்றால் தலைசுற்றல்! அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். சர்க்கரை அப்படியே இருக்கும். "டயாபடீஸ்" என்றோ "ஷுகர் கீ பீமாரி" என்றோ சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்கும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று மாதா மாதம் கேஸ் பேப்பரும் கையுமாக வரிசையில் நிற்பவர்கள், தங்கள் நோயைப் பற்றித் தாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

குரோசின், கால்பால், டோலோ மூன்றும் வேறு வேறு மருந்துகள் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். சர்க்கரை மாத்திரைகளும் இப்படியே.

தாராவியில் குடியிருப்பவர் ஒருவர் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கோயில் கொடைக்கு நெல்லைச் சீமைக்குப் போகிறார். சீட்டை மும்பையிலேயே விட்டுவிட்டார். ஊர் டாக்டர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதுகிறார். இரண்டையும் விழுங்கினால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், நினைவே தப்பலாம்.

அப்படி நேர்ந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயருடன் மருந்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது குற்றமா?

"டாக்டரைக் கேள்வி கேட்டால் கோபிப்பாரே" என்று பயப்பட வேண்டாம். இந்த மருந்து எதற்கு? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எத்தனை நாளைக்கு? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? என்ன தொல்லை வந்தால் உடனே வர வேண்டும்? இந்த ஐந்தையும் கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். பாஷை தெரியாவிட்டால், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது.

காகிதம் பத்திரம்

படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர், தமது மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. அது நோயாளியின் உரிமை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசியாகச் செய்த பரிசோதனை, இவற்றை எழுதுங்கள். மருந்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். எந்த ஊர் டாக்டரும் படிப்பார். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, ரயில் டிக்கெட்டுடன் அந்த நோட்டும் பையில் இருக்கட்டும்.