எழும்பூரில் திமிங்கிலம், மெரினாவில் சங்கரா

குழந்தைகளே! கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறீர்களா? காலையிலேயே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.

எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் கால்தான் வலிக்கும். செப்புச் சிலைகளைப் பார்த்துவிட்டு விலங்கியல் பகுதிக்கு வாருங்கள். அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு! அதன் நீளத்தைப் பார்த்து வாய் பிளந்தது போதும், முன்துடுப்பைக் கவனியுங்கள். நம் கையில் இருப்பது போலவே மணிக்கட்டு எலும்பு, விரல் எலும்பு எல்லாம் திமிங்கிலத்துக்கும் உண்டு. அது மீன் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி.

மாலையில் மெரினாவுக்கு வந்தால் வறுத்த மீன் வாசனை இழுக்கும். தட்டில் வந்த சங்கராவின் துடுப்பைப் பாருங்கள். விரல் எலும்பு இருக்கிறதா? விசிறி போல மெல்லிய முட்கள்தான். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும். திமிங்கிலமோ மேலும் கீழும் ஆட்டும்.

"வஞ்சிரம் இந்த விலையா?" என்று அப்பா திகைப்பார். காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்தத் தடை. அத்தனை நாளும் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் கடல் வருமானம் இல்லை. அரசு தரும் நிவாரணத் தொகையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நாட்டுப்படகுகள் மட்டும் போகலாம்.

ஆகவே கடைக்காரரிடம், "அண்ணா, இன்று நாட்டுப்படகில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். நெத்திலி என்றால் விடாதீர்கள். மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு மென்றுவிடலாம்!