ரயில் பயணமா? சிறுநீரை அடக்காதீர்கள்!

'சாயங்காலம் ரயில் ஏறணும், தண்ணி நிறையக் குடிக்காதே!' பல வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அம்மாக்களே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. குடித்தால் கழிவறை தேட வேண்டும். தேடிப் போனால் பூட்டியிருக்கும். திறந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். எதற்கு வம்பு என்று வாயைக் கட்டிவிடுகிறோம். அந்த வம்புதான் பிறகு வியாதியாக வருகிறது!

தும்மல், கொட்டாவி, பசி, தாகம் என்று உடம்பில் தானாக எழும் 14 வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. சிறுநீரும் அதில் ஒன்று. இவற்றை அடக்கக் கூடாது என்பது விதி. அடக்கினால் நீர்க்கடுப்பும் அடிவயிற்று வலியும் வரும். இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ. நீளம்தான். கிருமி உள்ளே ஏறுவது சுலபம். அதை அடித்துக்கொண்டு போக வேண்டியது சிறுநீர். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். உடம்பில் நீர் வற்றினால் கல்லடைப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கப் போனார். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது! அவர் கோபமாக எழுதிய புகார்க் கடிதத்துக்குப் பிறகே சாதாரண வகுப்புகளுக்கும் கழிவறை வந்தது என்பார்கள்.

இன்று தொலைதூர ரயில்களில் கழிவறை உண்டு. ஆனால், சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் கிடையாது. கடற்கரையில் ஏறிச் செங்கல்பட்டு வரை போகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்ன செய்வார்? கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் வீங்கிய பெரியவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* கிளம்புமுன் வீட்டிலும், நிலையத்திலும் ஒருமுறை போய்விடுங்கள். கட்டணக் கழிவறைக்குச் சில்லறை தயாராக இருக்கட்டும்.

* தண்ணீரை நிறுத்தாதீர்கள். மடக்கு மடக்காக அடிக்கடி குடியுங்கள். சீரகத் தண்ணீர் நல்லது. காபி, டீயைக் குறையுங்கள். நீரைப் பெருக்கும் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் குடிநீர் இரண்டையும் பயணத்தன்று தவிர்க்கலாம்.

* மின்சார ரயிலில் முட்டிக்கொண்டு வந்தால் நடுவில் இறங்கிப் போய்விட்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள். தாமதமானால் பரவாயில்லை!

* தொலைதூர ரயிலில் இப்போது இருப்பது பயோ கழிவறை. நாப்கின், பாட்டில், பிளாஸ்டிக் பை போட்டால் அடைத்துக்கொள்ளும். பிறகு பெட்டி முழுக்க அவதி. காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

* கழிவறையில் தண்ணீர் இல்லையா, நாறுகிறதா? பொறுத்துப் போகாதீர்கள். 139-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

பயணம் முடிந்தபின் எரிச்சல் இருந்தால் மோரும் சீரகத் தண்ணீரும் குடிக்கலாம். குளிர்காய்ச்சல், விலாவலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கே காட்டிவிட வேண்டும்.

தாய்மார்களே, அடுத்த பயணத்தில் மகள் கையில் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து அனுப்புங்கள். 'வந்தா அடக்காதே, கூச்சப்படாம கேட்டுப் போயிட்டு வா' என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.