மரத்துக்கு மெருகூட்டுந் தெளிகருவி

மரப்பொருள்களுக்கு மெருகிடுதல் அழகின் பொருட்டு மட்டுமன்று. காற்றின் ஈரத்தை ஏற்று விரிதலும் அதனை இழந்து சுருங்குதலும் மரத்தின் இயல்பு. அம்மாற்றத்தின் விரைவைத் தணிக்கும் மெல்லிய தோலே மெருகு. முன்னாளில் அவலரக்கை மதுசாரத்திற் கரைத்து, துணிப்பொதியால் நாட்கணக்கில் தேய்த்து இத்தோலை ஆக்கினர்.

தெளிகருவியின் தோற்றம் மருத்துவத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவின் தொலிடோ நகர மருத்துவர் அலன் டிவில்பிஸ் என்பார் தொண்டைக்கு மருந்து தெளிக்குங் கருவியொன்றை அமைத்தார். அவர் மைந்தர் தோமஸ் அந்நெறியைப் பின்பற்றி, 1907ஆம் ஆண்டில் வண்ணந்தெளிக்குங் கருவியை உருவாக்கினார். 1920களில் செலுலோசு நைத்திரேற்று இலாக்கர் பரவியபோது இக்கருவி இன்றியமையாததாயிற்று. தூரிகை ஓடிமுடியுமுன்னரே அவ்விலாக்கர் உலர்ந்துவிடும்.

கருவியின் மூக்கில் திரவத்தைச் சூழ்ந்து வெளிப்படும் அமுக்கக் காற்று அதனை நுண்டுளிகளாகச் சிதறடிக்கின்றது. இருபக்கத் துளைகளினின்றும் வரும் காற்று அத்துளித்திரளை விசிறிபோலத் தட்டையாக்குகின்றது. கருவியைப் பரப்பிலிருந்து 6 முதல் 8 அங்குலத் தூரத்தில், செங்குத்தாகப் பிடித்தல் வேண்டும். மணிக்கட்டை மட்டுஞ் சுழற்றினால் நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவும் உண்டாம். ஆதலின் கை முழுவதும் பரப்புக்கு இணையாகச் செல்லல் வேண்டும். கை நகரத் தொடங்கிய பின்னரே விசையை அழுத்தி, ஓரத்தைக் கடந்த பின்னரே விடுதல் முறை. ஒவ்வொரு வீச்சும் முன்னையதன் பாதியை மூடுதல் நன்று.

கருவி மிக அணுகின் மெருகு வழிந்தோடும்; மிக அகலின் துளிகள் இடைவெளியிலேயே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும்; திரவம் மிகத் தடித்திருப்பின் தோடம்பழத் தோல்போற் பரப்பு மேடுபள்ளமாகும். இலங்கை போன்ற ஈரலிப்பான நாடுகளில், சிறப்பாக மாரியில், பிறிதொரு குறை தோன்றும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்கின்றது. காற்றின் நீராவி அதன்மீது ஒடுங்கி, இலாக்கரைப் பால்போல் வெளிறச் செய்கின்றது. மெல்ல ஆவியாகுங் கரைப்பானைச் சிறிது சேர்த்தலோ, வறண்ட பொழுதுக்குக் காத்திருத்தலோ இதற்குப் பரிகாரம்.

பழைய முறைக் கருவிகளால் தெளிக்கப்படுவதிற் பெரும்பகுதி மரத்தைச் சேராது காற்றிற் கலந்து போகின்றது. பின்னர் வந்த தாழமுக்கக் கருவிகளில் மூக்கின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலைத் தாண்டாது; அவற்றால் வீண்போக்குப் பெரிதுங் குறையும். எனினும் முற்றாக ஒழிவதில்லை. அவ்வாறு கலந்தது தொழிலாளியின் சுவாசப்பையைச் சேர்கின்றது. ஐசோசயனேற்றுக் கலந்த இருபகுதி மெருகுகள் தீராத ஈளைநோயை விளைவிக்க வல்லன. முகத்திற் கட்டிய கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. மெருகின் வகைக்கேற்ற சுவாசக்கவசமும், ஆவியை வெளியேற்றுங் காற்றோட்டமும் வேண்டும். ஆவி தீப்பற்றுமாதலின் தீச்சுடரும் மின்பொறியும் அண்மையில் இருத்தலாகாது.

பளபளக்கும் மேசையைக் காண்போர் மரத்தின் அழகையே வியப்பர். அதனை ஆக்கியவனின் மூச்சும் பழுதுறாதிருப்பின் மட்டுமே அம்மெருகு குறைவற்றதாகும்.